வீட்டில் ஆக்சிஜன் செறிவூட்டியா? இன்வெர்ட்டர் பேட்டரியைக் கணக்கிட்டு வாங்குங்கள்

நாட்பட்ட நுரையீரல் நோயுற்றோர் சிலர், வீடு திரும்பிய பின்னும் ஆக்சிஜன் செறிவூட்டியின் துணையோடு வாழ வேண்டியுள்ளது. அக்கருவி மின்சாரமின்றி இயங்காது. நாகலாபுரம், புதூர், விளாத்திகுளம் போன்ற கரிசல் ஊர்களில் இடியும் காற்றும் மழையும் வந்தால் மின்தடையும் உடன் வரும். 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் தூத்துக்குடி மாவட்டத்தைப் பெருமழை தாக்கியது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பதிவாயிற்று. அத்தகைய வேளையில் மின்சாரம் எப்போது திரும்பும் என்று எவராலும் கூற இயலாது. ஆகவே பேட்டரி வாங்குவோர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'எத்தனை மணி நேரம் தாங்கும்?' என்பதே.

கணக்கிடும் முறை

நிமிடத்திற்கு 5 லிட்டர் தரும் செறிவூட்டி ஏறத்தாழ 350 வாட் மின்சாரம் கொள்ளும். சரியான அளவு கருவியில் ஒட்டியுள்ள விவரச்சீட்டில் இருக்கும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியின் கொள்ளளவு 1,800 வாட்-மணி. ஆயினும் இது 20 மணி நேரத்தில் சிறிது சிறிதாக எடுக்கும்போது கிடைக்கும் அளவு. விரைந்து எடுத்தால் குறையும். ஈய-அமில பேட்டரியை அடிக்கடி பாதிக்கு மேல் வடியவிட்டால் அதன் ஆயுளும் குன்றும். ஆகவே 900 வாட்-மணியை மட்டும் நம்புங்கள். இன்வெர்ட்டரில் ஏற்படும் இழப்பு போக, எஞ்சுவது ஏறத்தாழ 750. செறிவூட்டி இதில் இரண்டு மணி நேரமே ஓடும். மின்விசிறியையும் தொலைக்காட்சியையும் அதே இணைப்பில் சேர்த்தால் அதுவும் குறையும். நான்கு மணி நேரம் தேவையெனில் இரண்டு பேட்டரிகளும் அவற்றுக்கேற்ற இன்வெர்ட்டரும் வேண்டும்.

எந்த வகை?

கார், டிராக்டர் பேட்டரிகள் எஞ்சினைக் கிளப்பச் சில நொடிகள் பெருமின்னோட்டம் தருவதற்காக மெல்லிய தகடுகளால் ஆனவை. நெடுநேரம் வடியவிட்டால் விரைவில் பழுதாகும். 'டியூபுலர்' வகை ஆழ்ந்து வடிந்து மீள்வதற்கென்றே அமைந்தது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையில் 80 விழுக்காடு வரை பயன்படுத்தலாம். தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. ஆனால் விலை மிகுதி. இன்வெர்ட்டரும் அதற்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும். எதை வாங்கினாலும் இன்வெர்ட்டர் 'சைன்வேவ்' வகையாக இருக்கட்டும். மற்ற வகைகளில் செறிவூட்டியின் மோட்டார் சூடேறிப் பழுதாகலாம்.

பராமரிப்பு

உப்பு மிகுந்த கிணற்று நீரைப் பேட்டரியில் ஊற்றாதீர்கள். காய்ச்சி வடித்த நீரே வேண்டும். சார்ஜ் ஏறும்போது ஈய-அமில பேட்டரியிலிருந்து எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயு வெளியேறும். ஆதலின் அதை நோயாளியின் அறைக்கு வெளியே, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். தகரக் கூரையின் வெப்பம் அதன் ஆயுளைக் குறைக்கும். மாதம் ஒருமுறை, மின்சாரம் இருக்கும்போதே மெயினை அணைத்து, கருவி அரை மணி நேரம் தடையின்றி ஓடுகிறதா என்று சோதியுங்கள்.

இரண்டாம் காவல்

முற்றும் வடிந்த பேட்டரி மீண்டும் நிறையப் பத்து மணி நேரத்திற்கும் மேலாகும். அதற்குள் மறுபடி மின்தடை நேர்ந்தால் அது கைகொடுக்காது. ஆகவே மருத்துவரின் ஆலோசனைப்படி ஓர் ஆக்சிஜன் சிலிண்டரும் வீட்டில் இருக்கட்டும். 1,500 லிட்டர் கொள்ளும் 'பி' வகைச் சிலிண்டர், நிமிடத்திற்கு 2 லிட்டர் வீதம் ஏறத்தாழ 12 மணி நேரம் வரும். அதைப் பொருத்தும் முறையை வீட்டில் இருவரேனும் அறிந்திருக்க வேண்டும். அருகில் விளக்கு, ஊதுபத்தி, புகை எதுவும் கூடாது. மருத்துவர் குறித்த அளவை நீங்களாக மாற்றாதீர்கள்.

பேட்டரி பாதியானதும் சிலிண்டருக்கு மாறுங்கள். சிலிண்டர் பாதியாகும் முன்னரே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். மூச்சுத்திணறல் மிகுந்தால் எதற்கும் காத்திராமல் 108-ஐ அழையுங்கள். மின்தடையைத் தெரிவிக்க மின்னகம் எண்: 94987 94987.