ஹாரன் மாட்டியதும் ஏ.பி.எஸ். விளக்கு எரியுதா? முறுக்கு ஒயரை பிரிக்காதீங்க!

காரைக்கால்:
புது வண்டி வாங்கிய கையோடு கூடுதல் ஹாரன், பளிச் எல்.இ.டி. விளக்கு, பாட்டு செட் என்று மாட்டுவது நம்ம ஊர் வழக்கம். ஆனால் மாட்டிய சில நாளில் மீட்டரில் ‘செக் என்ஜின்’ விளக்கு கண் சிமிட்டும். ஏ.பி.எஸ். விளக்கு அணையவே அணையாது. ‘கம்ப்யூட்டர் போச்சு’ என்று புது பெட்டி வாங்க ஆயிரக்கணக்கில் செலவாகும். அப்புறமும் விளக்கு எரியும். காரணம், கோளாறு பெட்டியில் இல்லை; பெட்டிக்கு போகும் ஒயரில்!

அம்பகரத்தூர், திருநள்ளாறு பக்கம் வயலுக்கும் கோவிலுக்கும் ஓடும் பைக், வேன், கார் வைத்திருப்பவர்கள் இதை தெரிந்துகொண்டால் வீண் செலவு மிச்சம்.

2 ஒயரில் பேச்சு

125 சி.சி.க்கு மேற்பட்ட புது பைக்குகளுக்கு ஏ.பி.எஸ். பிரேக் 2019 ஏப்ரல் முதல் கட்டாயம். 2020 ஏப்ரல் 1-ல் பி.எஸ்.6 விதி வந்தது. அதன் பிறகு சின்ன பைக்கில்கூட பெட்ரோலை அளந்து விடுவது எலெக்ட்ரானிக் பெட்டிதான்.

என்ஜின், பிரேக், மீட்டர் ஆகியவற்றின் பெட்டிகள் ஒன்றோடு ஒன்று பேச வேண்டும். கார், வேன், லாரிகளிலும் பல பைக்குகளிலும் இந்த பேச்சு ‘கேன்’ என்ற முறையில் 2 ஒயரில் ஓடுகிறது. ஜெர்மனியின் போஷ் நிறுவனம் 1986-ல் இதை அறிமுகம் செய்தது. வினாடிக்கு 5 லட்சம் துடிப்பு வரை போவது சாதாரணம்.

மிக்சி போட்டால் புள்ளி

பழைய ஆன்டெனா டி.வி. நினைவிருக்கிறதா? அடுப்படியில் மிக்சி போட்டால் திரை முழுக்க புள்ளி அடிக்கும். தெருவில் பைக் போனாலும் அதே கதை. பொறியும் மோட்டாரும் கிளப்பும் மின் இரைச்சல் அது.

வண்டிக்குள்ளும் இதே இரைச்சல் உண்டு. ஸ்பார்க் பிளக், ஹாரன், டைனமோ, மட்டமான எல்.இ.டி. விளக்கு எல்லாம் கிளப்பிவிடும். பக்கத்தில் போகும் ஒயர் அதை ஆன்டெனா மாதிரி இழுத்துக்கொள்ளும். தகவல் குழம்பினால் பெட்டி திரும்ப அனுப்பும். தவறு எல்லை மீறினால் அந்த பெட்டி பேச்சையே நிறுத்திவிடும். உடனே விளக்கு எரியும். ஏ.பி.எஸ். நின்றாலும் சாதா பிரேக் பிடிக்கும். ஆனால் மழையில் அழுத்தி பிடித்தால் சக்கரம் வழுக்கும். உயிருக்கே ஆபத்து.

முறுக்கு ரகசியம்

இந்த இரைச்சலை தடுக்கத்தான் 2 ஒயரையும் கயிறு மாதிரி முறுக்கி வைக்கிறார்கள். அம்பகரத்தூர் பத்ரகாளியம்மன் கோவில் திருவிழா கூட்டத்தில் அண்ணனும் தம்பியும் கைகோர்த்து போவதாக வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் தள்ளினால் 2 பேரும் சேர்ந்தே நகர்வார்கள். இடையில் உள்ள தூரம் மாறாது.

அதே கதைதான் இங்கும். தகவல் வரும்போது ஒரு ஒயரில் 3.5 வோல்ட், இன்னொன்றில் 1.5 வோல்ட். பெட்டி பார்ப்பது 2 வோல்ட் வித்தியாசத்தை மட்டும். முறுக்கி இருப்பதால் இரைச்சல் 2 ஒயரிலும் ஒரே அளவு ஏறும். வித்தியாசம் மாறாது. இது புதுசும் இல்லை. டெலிபோன் கண்டுபிடித்த கிரகாம் பெல் 1881-லேயே முறுக்கு ஒயருக்கு காப்புரிமை வாங்கிவிட்டார்.

முறுக்கை பிரித்து நடுவில் நீட்டு ஒயர் ஒட்டினால், அண்ணன் தம்பி கையை விட்ட கதைதான்.

சோதனை உண்டு

வண்டியின் மின் இரைச்சலை சோதிக்க ஏ.ஐ.எஸ்.004 என்ற விதி இருக்கிறது. சென்னை அருகே ஒரகடத்தில் உள்ள வாகன ஆராய்ச்சி மையத்தில் இதற்கென்றே ஆய்வுக்கூடம் உண்டு. கம்பெனி வண்டி சோதனையில் தேறித்தான் ரோட்டுக்கு வருகிறது. நாம் வெளியே வாங்கி மாட்டும் சாமான் தேறியதா என்பதுதான் கேள்வி.

என்ன செய்யணும்?

* ஹாரன், விளக்குக்கு பேட்டரியில் இருந்து தனி ஒயர், பியூஸ், ரிலே போடுங்கள். கண்ட ஒயரை சீவி கரன்ட் எடுக்காதீர்கள்.

* அந்த ஒயரை முறுக்கு ஒயரோடு சேர்த்து கட்டாதீர்கள். தாண்டியே ஆக வேண்டும் என்றால் குறுக்காக தாண்டட்டும்.

* முறுக்கு ஒயர் அறுந்தால் ஒட்டிவிட்டு மறுபடி முறுக்குங்கள். பிரிந்த இடம் 11 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது என்று சில கம்பெனிகளின் சர்வீஸ் புத்தகம் சொல்கிறது. அதைவிட குறைத்து சொல்லும் கம்பெனியும் உண்டு.

* எர்த் போல்ட்டில் துரு இருந்தால் சுரண்டி இறுக்குங்கள். கடலோர உப்புக்காற்றில் துரு சீக்கிரம் ஏறும்.

* பிளக் மாற்றும்போது கம்பெனி சொன்ன ரெசிஸ்டர் பிளக்கையே போடுங்கள்.

* வண்டியில் வெல்டிங் வைக்கும் முன் பேட்டரி ஒயரை கழற்றுங்கள்.

பெட்டி மாற்ற சொன்னால் உடனே தலையாட்ட வேண்டாம். கேன் ஒயரின் 2 முனையிலும் 120 ஓம் தடை இருக்கும். பேட்டரியை கழற்றிவிட்டு 2 ஒயருக்கும் இடையே மீட்டர் வைத்தால் 60 ஓம் அளவில் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு பக்கம் அறுந்திருக்கலாம். 0 பக்கம் காட்டினால் 2 ஒயரும் ஒட்டியிருக்கலாம். ‘முதல்ல ஒயரை பாருங்கண்ணே’ என்று மெக்கானிக்கிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பர்ஸ் தப்பிக்கும்.