வீணை வாசிக்கும் பெண்: முகத்துக்கு முன் மெட்டு

ரவிவர்மா 1889-இல் தீட்டிய, வீணை வாசிப்பவர் உட்படப் பதினொரு பெண்கள் அடங்கிய இசைக்குழு ஓவியம் மைசூர் ஜகன்மோகன் அரண்மனைக்குரியது. காலண்டர், தீபாவளி மலர், நவீன ஓவியக் கண்காட்சி என்று வீணையும் பெண்ணும் இன்றும் ஓயவில்லை. ஜன்னலோரம் ஒரு பாய், கூந்தலில் மல்லிகை, மடியில் வீணை. பலர் முகத்தைப் பார்த்ததுமே 'ஏக்கம்', 'தனிமை' என்று பொருள் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். நான் முதலில் மெட்டுகளைத்தான், விரல் அழுத்தும் அந்தக் குறுக்குக் கட்டைகளைத்தான் பார்ப்பேன்.

தஞ்சாவூர் வீணைக்கு 24 மெட்டு. தந்தியின் நீளம் பாதியானால் ஸ்வரம் ஒரு ஸ்தாயி மேலே போகும். ஆகவே முதல் 12 மெட்டுகள் தந்தியின் பாதி நீளத்தை எடுத்துக்கொள்ள, அடுத்த 12-உம் கால் பங்குக்குள் அடங்கியாக வேண்டும். குடத்தை நோக்கி வர வர இடைவெளி குறுகும். ஏணிப்படி போலச் சமமாகப் போட்டிருந்தால் ஓவியர் வீணையைச் சரியாகப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே கோணலாக்குவது வேறு கணக்கு. பிக்காசோ கித்தாரைத் துண்டு துண்டாகப் பிரித்துப் போட்டார். துளையும் தந்தியும் எங்கே என்று தெரிந்துதான் பிரித்தார்.

குடமும் தண்டியும் பலா மரம். நுனியில் யாளி முகம். தேன்மெழுகில் கரி கலந்து, அந்தக் கறுப்பு மெழுகின் மேல் பித்தளை மெட்டுகளைக் காது சொல்லும் இடத்தில் பதிப்பதற்கு 'மேளம் கட்டுவது' என்று பெயர். மெழுகுதானே, வெயில் காலத்தில் இளகி மெட்டு நகர்ந்துவிடும். திரும்பக் கட்ட வேண்டும். 2013-இல் இந்த வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

அடுத்து கை. குடம் வலப்பக்கம் தரையில், சுரைக்காய் இடது தொடையில். வலக்கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மீட்டும். பக்கத்திலுள்ள மூன்று தாளத் தந்திகள் சுண்டு விரலுக்கு. இடக்கை விரல் மெட்டின் மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால்தான் கமகம். தினமும் சாதகம் செய்பவர் பக்கத்தில் சிறு கிண்ணத்தில் எண்ணெய் இருக்கும். இடக்கை விரல் நுனிகளில் தந்தி அறுத்த கறுப்புக் கோடுகள் தெரியும். ஓவியர்கள் அந்த விரல்களை மருதாணியிட்டு மெழுகிவிடுகிறார்கள். வீட்டில் வாசிக்கும் பெண் அலங்காரத்துக்கு உட்கார்ந்திருக்கிறாளா, உழைக்கிறாளா என்பதை அந்தக் கோடுகள் காட்டிவிடும்.

மெட்டே இல்லாத உறவுக்கார வாத்தியம் கோட்டுவாத்தியம். அதில் பேர் வாங்கிய கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள் பூதலூர்க்காரர். பின்னாளில் கலாக்ஷேத்ராவில் கற்பித்தார். தந்தியின் மேல் வழுக்கும் மரக்கட்டைதான் கோட்டுவாத்தியத்தில் எல்லா ஸ்வரத்துக்கும் இடம் சொல்ல வேண்டும். ஓவியருக்கு வேலை மிச்சம், வாசிப்பவருக்குத்தான் பாடு.