தாத்தா ஏன் பச்சையா இருக்காரு?

இந்த எபிசோடு ஒரே ஒரு போட்டோவைப் பத்தினது.

தாத்தாவோட முதல் வருஷ திதிக்கு வீட்டுல மாட்டணும்னு, அவரோட பழைய கருப்பு வெள்ளைப் படத்தை ஸ்கேன் பண்ணி, ஓசூர்ல என் ரூம்ல இருக்கிற இங்க்ஜெட் பிரின்டர்லயே ஏ4 சைஸ்ல போட்டேன். மானிட்டர்ல சுத்தமான சாம்பல் நிறம். அதை எடுத்துக்கிட்டு 50 கிலோமீட்டர் பஸ்ல கிருஷ்ணகிரி போய், ஆயா வீட்டு ட்யூப் லைட்டுக்குக் கீழே காட்டினேன். அவங்க கேட்ட முதல் கேள்வி: "ஏன்டா சாமி, இவரு மூஞ்சி பாசி புடிச்சாப்ல இருக்குது?"

வாசலுக்குக் கொண்டு வந்து பார்த்தால் பச்சை குறைஞ்சிடுச்சு. சரி, பச்சைக்கு எதிர் மெஜந்தாதானேன்னு திரும்பி வந்து மெஜந்தாவை ஏத்தி மறுபடி போட்டேன். இப்போ ட்யூப் லைட்ல ஓகே, வெயில்ல ரோஸ். இப்படியே பதினோரு ஷீட் போச்சு. திதிக்கு நாலு நாள்தான் பாக்கி.

பழைய படத்துல ஏன் இந்தப் பிரச்சினை இல்லை? 1960ல ஆரம்பிச்ச ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 'இந்து'ங்கிற பேருல பிலிமும் பேப்பரும் வித்த காலத்துல, படத்துல இருக்கிற கருப்பு ஒரே பொருள்: வெள்ளித் துகள். அது அடர்த்தியா இருந்தால் கருப்பு, கம்மியா இருந்தால் சாம்பல். என் பிரின்டர்ல இருக்கிறது கருப்பு, சியான், மெஜந்தா, மஞ்சள், அப்புறம் லைட் சியான், லைட் மெஜந்தா. முகத்துல வர்ற நடுத்தர சாம்பலைப் பெரும்பாலும் கலர் இங்க்குகளைக் கலந்துதான் அது உண்டாக்குது. சிவப்புப் புடவையில சிவப்பு கொஞ்சம் தவறினால் யாருக்கும் தெரியாது. சாம்பல்ல தவறினால் ஆயாவுக்கே தெரியும்.

வழி காட்டினது என் மாமா பையன். அவன் சிப்காட்ல டூ வீலர் பார்ட்ஸ் பண்ற ஒரு கம்பெனியில குவாலிட்டி செக்ஷன். பெட்ரோல் டேங்க் இரும்பு, சைடு பேனல் பிளாஸ்டிக். ரெண்டுக்கும் பெயின்ட் வேற. ஆனா ஷோரூம் லைட்லயும் ரோட்டு வெயில்லயும் ஒரே கலரா தெரியணும். அதைப் பார்க்க லைட் பூத்னு ஒரு சாம்பல் பெட்டி வெச்சிருப்பாங்க. சுவிட்ச் தட்டினால் பகல் வெளிச்சத்துக்கு டி65, கடை ட்யூபுக்கு டிஎல்84, குண்டு பல்புக்கு ஏ, கடைசியா யூவி. என் படத்தை உள்ளே வெச்சு ஒவ்வொண்ணா தட்டினான். "மச்சான், லைட்டுக்கு லைட் மாறுற கலரை சாப்ட்வேர்ல அடிச்சுத் திருத்த முடியாது. எல்லா லைட்லயும் மாறாம இருக்கிறதை மட்டும் முதல்ல சரி பண்ணு."

இதுக்குப் பேர் மெட்டாமெரிசம். ஒவ்வொரு விளக்கும் ஒவ்வொரு அலைநீளத்தைக் கூடக்குறைய விடுது. ஒரு வெளிச்சத்துல ஒத்துப்போற கலவை இன்னொண்ணுல ஒத்துப்போகாது. யூவி போட்டப்போ பேப்பரோட வெள்ளை ஓரம் நீலமா மின்னுச்சு. பேப்பர் வெள்ளையா தெரிய உள்ளே சேர்க்கிற பிரைட்டனர் அது. ஜன்னல் பக்கம் மாட்டுற படத்துக்கு அதுவும் ஒரு நிற மாற்றம்.

அப்போ மாறாம இருந்த பச்சை எது? 21 படி சாம்பல் பட்டை ஒண்ணு பிரின்ட் பண்ணிப் பார்த்தேன். அடர் கருப்பு சரி, நடுவுல பச்சை. நாசில் செக் எடுத்தால் லைட் மெஜந்தாவில கோடு கோடா இடைவெளி. அடைப்பு! முதல் நிமிஷத்துல பண்ணியிருக்க வேண்டிய வேலை, கடைசியா பண்ணினேன். ஹெட் கிளீனிங் ரெண்டு தடவை ஓட்டினதும் கோடு முழுசாச்சு. இன்னொரு தப்பும் என்னுதுதான்: போட்டோஷாப்லயும் பேப்பர் ப்ரொபைல், டிரைவர்லயும் கலர் கரெக்ஷன். ரெண்டு பேரும் திருத்தினால் படம் பெரும்பாலும் மெஜந்தா பக்கம் சாயும். ஒண்ணை ஆஃப் பண்ணுங்க. அப்புறம், பிரின்ட் வந்த உடனே தீர்ப்பு சொல்லாதீங்க, ஒரு ராத்திரி காயட்டும்.

மீதி இருக்கிறது விளக்குக்கு விளக்கு மாறுற பகுதி. அதுக்கு மருந்து, கலர் இங்க்கைக் குறைக்கிறது. சாம்பல் இங்க்கே தனியா இருக்கிற பிரின்டர் இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். டேங்க் மாடல்ல எப்சன் எல்8180, கேனான் ஜி570 அப்படித்தான். ஒரு படத்துக்காக பிரின்டர் வாங்கச் சொல்ல மாட்டேன். பிரைட்டனர் இல்லாத மேட் பேப்பர் போட்டு, டிரைவர்ல கிரேஸ்கேல் தேர்ந்தெடுத்துப் பாருங்க. வெளிச்சமான இடத்துல லேசா புள்ளி தெரியும், கருப்பும் கொஞ்சம் வெளுக்கும். நான் இன்னொரு பழைய தந்திரமும் பண்ணினேன்: வேணும்னே கொஞ்சம் பழுப்பு ஏத்தினேன். சாம்பல் கொஞ்சம் பிசகினால் கண் உடனே பிடிக்கும், பழுப்பு பிசகினால் அவ்வளவு பிடிக்காது.

அந்தப் பிரின்டை திதிக்கு முந்தின நாள் அதே ட்யூப் லைட்டுக்குக் கீழே மாட்டினேன். ஆயா கிட்டப் போய்ப் பார்த்தாங்க. பச்சையைப் பத்தி பேச்சே இல்லை. "காலர் கிழிஞ்சிருக்குதே, அதைத் தெச்சுப் போட்டிருக்கக் கூடாதா?"