யார் அணியில் யார்?

விளையாட்டுக்குச் சாதி கிடையாது என்று யாரும் பேசாத பரிசளிப்பு மேடை நம் பக்கம் இல்லை. அதே மேடைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் போட்டி அட்டவணையைப் படித்தால் வேறு கதை தெரியும். கூடங்குளம், ராதாபுரம், நாங்குநேரி வட்டாரத்தில் கோயில் கொடைக்கும் பொங்கலுக்கும் நடக்கிற கபடி, கைப்பந்துப் போட்டிகளில் அணி என்பது பெரும்பாலும் ஒரு தெரு. தெரு என்றால் இங்கே சாதி என்று வெளியூர்க்காரருக்குத்தான் விளக்க வேண்டும்.

ஆட்டம் மனசை மாற்றுமா என்பதை உத்தரப்பிரதேசக் கிராமங்களில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். மாத்யூ லோ என்ற பொருளாதார ஆய்வாளர் பல சாதிகளைச் சேர்ந்த 1,261 இளைஞர்களைத் திரட்டி, குலுக்கல் முறையில் சிலரை மட்டும் ஒரு மாதக் கிரிக்கெட் லீக்குகளில் ஆடவிட்டார். சில அணிகள் ஒரே சாதி, சில அணிகள் கலப்பு. ஒரே அணியில் சேர்ந்து ஆடியவர்களிடம் சாதி தாண்டிய நட்பு கூடியது, சொந்தச் சாதிக்காரனுக்கே சலுகை காட்டுவது குறைந்தது. எதிரெதிராக மோதியதில் பொதுவாக அந்தப் பலன் இல்லை. சில விஷயங்களில் கெடுதலே விளைந்தது என்கிறது 2021-ல் வெளியான அந்த ஆய்வு. நாம் ஆண்டுதோறும் செலவு செய்து நடத்துவது இந்த இரண்டாவது வகை.

கலப்பு அணியும் சர்வரோக நிவாரணி அல்ல. இராக்கில் ஐ.எஸ். அமைப்பால் விரட்டப்பட்ட கிறிஸ்தவ இளைஞர்களின் கால்பந்து அணிகளில் முஸ்லிம் வீரர்களைச் சேர்த்து, சல்மா மூசா ஓர் ஆய்வு செய்தார். கூட ஆடியவர்களிடம் நடந்துகொள்ளும் விதம் மாறியது. ஆனால், மைதானத்துக்கு வெளியே, முகம் தெரியாத முஸ்லிம்களிடம் அந்த மாற்றம் பெரிதாகப் போய்ச் சேரவில்லை. ‘நம்ம டீம் பையன்’ வேறு, ‘அந்தத் தெருக்காரன்’ வேறு என்று மனசு பிரித்து வைத்துக்கொள்கிறது. அந்த மீதித் தூரத்துக்குத்தான் சட்டம் தேவைப்படுகிறது.

தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடியவர். அர்ஜுனா விருது பெற்றவர். அவர் வாழ்க்கையைத் தழுவி மாரி செல்வராஜ் எடுத்த ‘பைசன்’ படம் 2025-ல் வெளியானபோது தியேட்டரில் எல்லாத் தெருவும் கைதட்டியது. அதே ஆண்டு மார்ச்சில், அதே மாவட்டத்தில், தேர்வெழுதப் பேருந்தில் போன பட்டியல் சாதி மாணவர் ஒருவரை வழிமறித்துக் கைவிரல்களை வெட்டினார்கள். கபடியில் தோற்ற ஆத்திரம்தான் காரணம் என்று குடும்பத்தார் சொன்னார்கள்; அதை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவரை வீடு புகுந்து வெட்டியதும், அதையொட்டி அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் சாதியைக் காட்டக் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடைசெய்யச் சொன்னதும் நினைவிருக்கும். கயிற்றின் நிறம்தான் ஜெர்சியிலும் வருகிறது.

ஆடுகளத்தில் சாதிப் பெயர் சொல்லித் திட்டினால், ‘ஆட்டத்துல சகஜம்’ என்று சமாதானம் பேசுவார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. பொதுமக்கள் பார்வையில் பட்டியல் சாதி, பழங்குடியினரைச் சாதி சொல்லி இழிவுபடுத்துவது குற்றம். பொது இடத்துக்குள் வரவிடாமல் தடுப்பதும் குற்றம். ஊராட்சிப் பணத்தில் பராமரிக்கும் மைதானம் எந்தத் தெருவின் சொத்தும் அல்ல. அரசமைப்பின் 15-வது பிரிவே அதைச் சொல்லிவிட்டது. டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியப் பெண்கள் ஹாக்கி அணி அரையிறுதியில் தோற்றதும் ஹரித்வார் அருகே அந்த அணியின் வீராங்கனை வந்தனா கட்டாரியா வீட்டு வாசலில் வெடி வெடித்துச் சாதி சொல்லி ஏசினார்கள் என்ற புகாரில் இந்தச் சட்டப்படியே வழக்குப் பதிவானது.

ஆடுகளத்தில் இப்படி நடந்தால் புகாரை எழுத்தில் கொடுங்கள். என்ன வார்த்தை சொன்னார்கள் என்பதை அப்படியே எழுதுங்கள். ‘தகாத வார்த்தை’ என்று பூசி மெழுகினால் வழக்கு அங்கேயே பலவீனப்படும். யார் யார் கேட்டார்கள் என்பதையும் குறியுங்கள். போட்டியை வீடியோ எடுக்காத செல்போன் இன்று இல்லை. அதை அழிக்காமல் வையுங்கள். முதல் தகவல் அறிக்கைக்கு முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை. டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரிதான் புலனாய்வு செய்ய வேண்டும். ஸ்டேஷனில் வாங்க மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபால், அதற்கும் பதில் இல்லையென்றால் மாஜிஸ்திரேட். வன்கொடுமைக்கான தேசிய உதவி எண் 14566, இலவசச் சட்ட உதவிக்கு 15100, பதினெட்டு வயதுக்குட்பட்டவர் என்றால் 1098.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் ஓர் ஓட்டை உண்டு, நம் கடற்கரைப் பக்கத்தில் அது பெரிய ஓட்டை. கிறிஸ்தவத்துக்கு மாறிய தலித் குடும்பங்கள் சட்டத்தின் கண்ணில் பட்டியல் சாதி இல்லை. அவர்களுக்கு இந்தச் சட்டம் கைகொடுக்காது. மீனவர் ஊர்ப் பையனை மற்ற ஊர்க்காரர்கள் ஏளனம் செய்தாலும் அப்படியே. சாதி, மத அடிப்படையில் பகைமூட்டுவதைத் தண்டிக்கும் பாரதிய நியாய சன்ஹிதா 196-வது பிரிவு அப்போது பொருந்தலாம். வழக்கறிஞரிடம் கேட்காமல் இறங்க வேண்டாம்.

சாதிக்கு அப்பால், பெண் பிள்ளைகளை ஆட அனுப்பத் தயங்கும் பெற்றோருக்கு ஒரு விஷயம்: பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் (2013) விளையாட்டுப் பயிற்சி நிலையத்தையும் போட்டி நடக்கும் இடத்தையும் பணியிடமாகவே கணக்கில் எடுக்கிறது. பயிற்சியாளர் மீதும் புகார் கொடுக்கலாம். பதினெட்டு வயதுக்குக் கீழென்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம்.

அடிக்கப் போகிற பையனுக்கும் ஒரு வார்த்தை. கூடங்குளம் அணுமின் நிலைய எதிர்ப்புப் போராட்டக் காலத்து வழக்குகளால் பாஸ்போர்ட் கிடைக்காமல் அலைந்தவர்களைப் பார்த்த ஊர் இது. கோப்பைக்காக வாங்கும் ஒரு வழக்கு, போலீஸ் வேலைக்கான விண்ணப்பத்திலும் வளைகுடா விசாவிலும் வந்து நிற்கும்.

போட்டிக்குப் போலீஸ் அனுமதி கேட்கிற கமிட்டியின் கையில்தான் மிச்சம் இருக்கிறது. சாதி அடையாளம் தாங்கிய உடை, பாட்டு கூடாது என்ற நிபந்தனையோடு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கபடிக்கு அனுமதி தந்திருக்கிறது. நீதிமன்றம் போகாமலே அதை நோட்டீஸில் அச்சடிக்கலாம். பதினெட்டு வயதுக்குட்பட்டோர் பிரிவிலாவது தெருவாரியாகப் பதிவு செய்யாமல், பெயர்களைச் சீட்டெழுதிக் குலுக்கி அணி பிரிக்கலாம். ஒரு நாள் ஆட்டமாக இல்லாமல் ஒரு மாதம் சேர்ந்து பயிற்சி எடுத்தால்தான் பலன். ‘வேற தெருக்காரனோட எப்படி?’ என்று கேட்பார்கள். முதல் பரிசு பெருந்தொகை என்றால் வெளியூரிலிருந்து காசு கொடுத்து ரைடரை இறக்குகிற அணிகள், அவன் என்ன ஆளு என்று கேட்டா இறக்குகின்றன?