சாட்டிலைட்டில் மின்னுவது தங்கம் இல்லை... அப்போ என்ன?

சந்திரயான்-3 லேண்டரின் படத்தைப் பார்த்த பலருக்கும் வந்த சந்தேகம் இது: ‘என்னப்பா, சுத்தி தங்கத் தகடா ஒட்டியிருக்காங்க?’

தங்கம் இல்லை. அது பாலிஇமைடு என்ற பிளாஸ்டிக் படலம். 1960-களில் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் கொண்டுவந்த ‘கேப்டான்’ என்ற பெயரில் பிரபலமானது. இதன் இயல்பான நிறமே பழுப்பு கலந்த மஞ்சள். பின்பக்கம் பூசிய மெல்லிய அலுமினியத்தின் பளபளப்பு அதன் வழியே தெரிவதால், பார்க்கத் தங்கம் மாதிரி இருக்கிறது.

எதற்கு இந்தப் போர்வை?

விண்வெளியில் காற்று கிடையாது. சூரியனின் வெப்பம் கதிர்வீச்சாக மட்டுமே வரும். அதைத் திருப்பி அனுப்புவதுதான் அலுமினியத்தின் வேலை. நிலவின் நடுக்கோட்டுப் பகுதியில் பகலில் சுமார் 120 டிகிரி செல்சியஸ், இரவில் சுமார் மைனஸ் 130 டிகிரி. இந்த ஏற்ற இறக்கத்திலிருந்து கருவிகளைக் காக்க, படலங்களைப் பல அடுக்காக வைக்கிறார்கள். ஓரங்களையும் இணைப்புகளையும் மூட, அதே படலத்தில் பசை தடவிய டேப்தான் உதவுகிறது.

சிக்கலே பசையில்தான்

கேப்டான் படலம் மைனஸ் 269 முதல் 400 டிகிரி வரை தாங்கும். ஆனால், டேப்பில் இருக்கும் சிலிகான் பசை பொதுவாக 260 டிகிரி வரைதான் தாக்குப்பிடிக்கும். பசை விட்டுவிட்டால், படலம் எவ்வளவு உறுதியாக இருந்தும் பயனில்லை.

இன்னொரு ஆபத்தும் உண்டு. வெற்றிடத்தில் பசையிலிருந்து ஆவி கசியும். அது கேமரா லென்ஸில் படிந்தால் படமே மங்கிவிடும். அதனால், டேப்பை வெற்றிடத்தில் 125 டிகிரியில் 24 மணி நேரம் வைத்துச் சோதிக்கிறார்கள். எடை இழப்பு 1 சதவீதத்தையும், குளிர்ந்து படியும் ஆவி 0.1 சதவீதத்தையும் தாண்டக் கூடாது என்பதே வழக்கமான வரம்பு.

டேப்பால் தள்ளிப்போன பயணம்

2023 ஜூலையில் வீரர்களுடன் கிளம்ப இருந்தது போயிங்கின் ஸ்டார்லைனர். பாராசூட் பிரச்சினையோடு இன்னொரு குறையும் தெரியவந்தது. உள்ளே வயர்களைப் பாதுகாக்கச் சுற்றியிருந்த வேறு வகை டேப், சில சூழல்களில் தீப்பிடிக்கக்கூடியது! ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான டேப்பை உரித்தெடுத்தார்கள். வேறு தாமதங்களும் சேர, சுனிதா வில்லியம்ஸும் புட்ச் வில்மோரும் 2024 ஜூன் 5-ல்தான் புறப்பட்டார்கள்.

நம்ம பக்கத்திலும் இருக்கு

பல போன் பேட்டரிகளுக்குள் இருக்கும் மஞ்சள் டேப் இதே குடும்பம்தான். எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகளில் சால்டரிங் செய்யும்போது சூடு படக்கூடாத இடங்களை மறைப்பதும் இதுதான். வண்டி இன்ஜின் பக்கத்தில் போகும் வயர், ஹோஸ் மேல் சுற்ற, கண்ணாடி இழைத் துணியில் அலுமினியம் ஒட்டிய டேப் கிடைக்கிறது.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். இந்த மினுமினுப்பு, தள்ளி நின்று வீசும் வெப்பத்தைத்தான் திருப்பும். சூடான சைலன்சரோடு வயர் ஒட்டி உரசினால், சூடு நேரடியாகவே உள்ளே இறங்கிவிடும். நடுவில் இடைவெளி வேண்டும். கடையில் டேப் வாங்கும்போது, ‘எவ்ளோ மின்னுது’ன்னு பார்க்காதீங்க. ‘பசை எத்தனை டிகிரி தாங்கும்?’னு கேளுங்க.