கார்பன் தாளைத் தூக்கிப் பார்

கூலிமிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கூலிம், சுங்கை பட்டாணி, பீடோங் என்று கெடாவின் மூன்று ஊரிலும் மருந்துக் கடை வைத்திருக்கும் குடும்பம். கணக்கும் கையிருப்பும் ஒரே சர்வரில். போன மாதம் அது ஒரு நாள் முழுக்கப் படுத்துவிட்டதாம். விஷயம் தெரிந்து கோலாலம்பூரிலிருந்து மூன்று பேர் வந்து, மூன்று மென்பொருள்களைக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். தரவுத்தளத்தை இடைவிடாமல் பிரதி எடுத்துக்கொண்டே இருக்குமாம். ஒன்று விழுந்தால் மற்றொன்று எழுந்து நிற்குமாம். "எதை வாங்கலாம் சார்? விலை மட்டும் மூன்றும் மூன்று விதமாக இருக்கிறது" என்று கேட்கிறார்.

தரவுத்தளம் என்றால் என்ன என்று இங்கே விளக்கப் போவதில்லை. கைப்பேசியில் காசு அனுப்புகிற பாட்டிக்கே, தன் கணக்கு எங்கோ ஓர் இடத்தில் எழுதப்படுகிறது என்பது தெரியும். நேரே பிரதிக்கு வருகிறேன். அது எனக்குக் கணினியைப் பார்ப்பதற்கு முன்பே பழக்கமான சங்கதி.

என் அப்பா பீடோங் பக்கம் ஒரு கித்தாத் தோட்டத்தில் செக்ரோல் கிராணி. விடியுமுன் பெரட்டு, அதாவது ஆட்களின் வருகைப் பதிவு. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் பெயர் கூப்பிடக் கூப்பிட, அப்பா லாந்தர் வெளிச்சத்தில் பென்சிலை அழுத்தி எழுதுவார். மேலே வெள்ளைத் தாள், அடியில் மஞ்சள் தாள், நடுவில் கார்பன். வெள்ளை ஆபீசுக்குப் போகும். மஞ்சள் புத்தகத்திலேயே தங்கும். பக்கம் முடிந்ததும் கார்பனைத் தூக்கி மஞ்சளை ஒரு முறை பார்ப்பார். பார்த்த பிறகுதான் அடுத்த பக்கம். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுத்தாலும் அந்தப் பார்வையை அவர் விட்டதில்லை.

மென்பொருள் எடுக்கும் பிரதியும் இரண்டே வகைதான். முதலாவது கார்பன் வகை. முதன்மை சர்வர் ஒரு விற்பனையைப் பதிந்ததும், துணை சர்வர் "எனக்கும் வந்துவிட்டது" என்று சொல்லும்வரை காத்திருக்கும். அதன் பிறகுதான் கல்லாவில் இருப்பவருக்கு "முடிந்தது" என்று காட்டும். இரண்டாவது பஸ் வகை. தோட்ட ஆபீசிலிருந்து வாரம் ஒரு கட்டு பஸ்ஸில் தலைமை அலுவலகத்துக்குப் போகுமே, அதுபோல. இங்கே வேலை நிற்காது. ஆனால் கட்டு கிளம்புமுன் ஆபீஸ் எரிந்துபோனால் அந்த வாரக் கணக்கு யாரிடமும் இருக்காது. கணினியில் அந்த 'வாரம்' ஒரு விநாடியாகவோ அரை நிமிடமாகவோ சுருங்கியிருக்கும், அவ்வளவுதான்.

கார்பன் வகை இவ்வளவு பத்திரம் என்றால் எல்லாரும் அதையே வைத்துக்கொள்ளலாமே? தூரம் விடாது. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். சுங்கை பட்டாணியிலிருந்து கோலாலம்பூர் ஏறக்குறைய 350 கிலோமீட்டர். போய்த் திரும்ப 700. எவ்வளவு விலை கொடுத்தாலும் ஒரு பதிவுக்கு 3.5 மில்லி விநாடிக்குக் குறையாமல் காத்திருக்க வேண்டும். ஒரு சீட்டுக்கு அது ஒன்றுமில்லை. ஒன்றன்பின் ஒன்றாக ஆயிரம் பதிவு என்றால், காத்திருப்பு மட்டுமே மூன்றரை விநாடி. இன்னொரு தொல்லையும் உண்டு. துணை சர்வர் வாய் திறக்காவிட்டால், அதன் பதிலுக்காகக் காத்திருக்கும் முதன்மையும் நின்றுவிடும். துணைக்கு வந்தவர் தூங்கினால் கடையும் தூங்கும்.

அதனால் பக்கத்தில் இருப்பதற்குக் கார்பன், தூரத்தில் இருப்பதற்குப் பஸ் என்று இரண்டையும் சேர்த்து வைப்பதே பலரின் வழக்கம். ஏனென்றால் தீர்க்க வேண்டிய கவலைகளும் இரண்டு. ஒரு சர்வர் புகைந்தால் வாடிக்கையாளர் கவனிக்குமுன் அடுத்தது எழுவது ஒன்று. ஊரே மூழ்கினாலும் வியாபாரம் பிழைப்பது மற்றொன்று. விற்க வருபவர்கள் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். பிரித்துக் கேட்பது நம் பொறுப்பு.

ஊர் மூழ்குமா என்று கெடாக்காரர் யாரும் கேட்க மாட்டார்கள். 2004 டிசம்பர் 26 அன்று கோத்தா கோலா மூடாவுக்குள் கடல் வந்தது. 2010 நவம்பரில் அலோர்ஸ்டார் வெள்ளத்தில் விமான நிலையத்தையே மூடினார்கள். 2022 ஜூலை 4 அன்று பாலிங்கில் மலை வெள்ளம் மரக்கட்டையும் சேறுமாக இறங்கி கூப்பாங் வட்டாரத்தைப் புரட்டிப் போட்டது. மூன்று உயிர்கள் போயின. தண்ணீர் மட்டுமா? 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று முழுக்க எரிந்தது. பிரதியையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் சிலருக்கு அசலும் நகலும் சேர்ந்தே போயின.

நம் கெடாவான அன்றைய கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்தை எண்ணிப் பாருங்கள். அதில் கடைசியாக நின்ற கோபுரத்தையும் 1867இல் இடித்துவிட்டார்கள். ஆனால் ராஜராஜ சோழன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்த செய்தி அழியவில்லை. அதைச் சொல்லும் செப்பேடுகள் அதற்கு முன்பே ஹாலந்தின் லைடன் நகருக்குப் போய்விட்டன. கொண்டு போனது நியாயமா என்பது வேறு பேச்சு. எழுத்து கட்டடத்தோடு இல்லாததால் பிழைத்தது என்பதுதான் நமக்குப் பாடம். அம்மா, பீடோங் கடைக்கும் சுங்கை பட்டாணிக் கடைக்கும் ஒரே மழைதான் பெய்யும். தூரப் பிரதி என்றால் உண்மையிலேயே தூரமாக இருக்கட்டும்.

விலைப் பட்டியலைத் திறக்குமுன் இரண்டு கேள்விக்கு எண்ணால் பதில் எழுதுங்கள். எத்தனை நிமிடக் கணக்கை இழந்தால் தாங்குவீர்கள்? எத்தனை நேரம் கடை கணினியில்லாமல் ஓடும்? வங்கிகளுக்கு நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2020இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதிகளில் இதற்கு எண்ணே போட்டிருக்கிறது: முக்கியச் சேவைகள் வாடிக்கையாளருக்கு ஒரு தடவையில் 120 நிமிடத்துக்கு மேல் நிற்கக்கூடாது, திட்டமிடாத நிறுத்தம் 12 மாதத்தில் மொத்தம் 4 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. மருந்துக் கடைக்கு இவ்வளவு கண்டிப்பு வேண்டியதில்லை. ஆனால் ஏதோ ஓர் எண் வேண்டும். எண் இல்லாதவரிடம் எதையும் விற்கலாம்.

மென்பொருள் பெயர்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் 2010இல் வந்த 9.0 பதிப்பிலிருந்தே தொடர்பிரதி வசதி உள்ளே இருக்கிறது. தனியாகக் காசு இல்லை. துணையை முதன்மையின் நாற்காலியில் ஏற்றும் வேலைக்குப் பட்ரோனி என்ற இலவச மென்பொருள் உண்டு. மைஎஸ்கியூஎல் வைத்திருப்பவர்களுக்கு அதன் குழுப்பிரதி வசதியும் கலேராவும். ஆரக்கிளுக்கு டேட்டா கார்டு. மைக்ரோசாஃப்ட்டின் எஸ்கியூஎல் சர்வருக்கு 2012இல் வந்த ஆல்வேஸ் ஆன். பெரும்பாலும் உங்கள் தரவுத்தளத்தோடு வந்த வசதியே உங்களுக்குப் போதும். வேறு வேறு தரவுத்தளங்களுக்கு இடையே பிரதி எடுக்க வேண்டும் என்றால்தான் வெளியார் சரக்கைத் தேட வேண்டும்.

இனி எனக்குப் பிடித்த விசித்திரத்துக்கு வருகிறேன். இதற்காகத்தான் கடிதத்தை எடுத்ததும் உட்கார்ந்து எழுதத் தொடங்கினேன்.

அப்பாவின் தோட்டத்தை ஓர் ஓடை இரண்டாகப் பிரித்திருந்தது. ஒரு ராத்திரி மழையில் பாலம் போயிற்று. மண்டோர் அக்கரை லயத்தில். இக்கரையில் இருந்தவர்கள், "மண்டோரைக் காணோம், என்ன ஆனாரோ" என்று சின்ன மண்டோரைப் பெரட்டு எடுக்கச் சொன்னார்கள். அக்கரையில் மண்டோர் கல்லுப்போலத்தான் இருந்தார். அவரும் வழக்கம்போல் பெரட்டு எடுத்தார். நாலு நாள் இப்படியே போயிற்று. பாலம் போட்டதும் இரண்டு பதிவும் அப்பா மேசைக்கு வந்தன. சின்ன மண்டோர் பதிவில் அக்கரை ஆட்கள் அத்தனை பேரும் 'வரவில்லை'. மண்டோர் பதிவில் இக்கரை ஆட்கள் அத்தனை பேரும் 'வரவில்லை'. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நாலு நாளும் யாரையுமே நிச்சயமாக வந்தார் என்று சொல்ல முடியாத தோட்டம்! இரண்டு பேருமே பொய் எழுதவில்லை. அவரவர் கரையில் தெரிந்ததை எழுதினார்கள்.

கணினிக்காரர்கள் இதை 'பிளந்த மூளை' என்கிறார்கள். 2018 அக்டோபர் 21 அன்று, உலகின் நிரலாளர்கள் பலர் தங்கள் வேலையைச் சேர்த்து வைக்கும் கிட்ஹப் நிறுவனத்தில், பராமரிப்பு வேலையின்போது அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஓர் இணைப்பு அறுந்தது. 43 விநாடிதான். அதற்குள் தானியங்கி ஏற்பாடு மேற்குக் கரை சர்வர்களை முதன்மையாக்கிவிட்டது. கிழக்கில் எழுதியவற்றில் கொஞ்சம் மேற்குக்குப் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. மேற்கில் புதிதாக எழுதியவை கிழக்கில் இல்லை. மிக வேலையுள்ள ஒரு தொகுதியில் மட்டும் இப்படித் தனித்து நின்ற பதிவுகள் 954. அறுந்த இணைப்பு 43 விநாடியில் ஒட்டிக்கொண்டது. எல்லாம் பழையபடி சீராக 24 மணி 11 நிமிடம் பிடித்தது. என் அப்பாவுக்கு நாலு நாள் குழப்பத்தைத் தீர்க்க ஒரு வாரம்.

இதற்கு மருந்து ஒற்றைப்படை. வாக்குப் போடுபவர் மூன்று பேராக இருந்தால், எந்தப் பக்கம் இரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்களோ அந்தப் பக்கமே மண்டோரைத் தேர்ந்தெடுக்கும். தனியாக மாட்டிக்கொண்டவர் பேனாவை மூடிவைக்க வேண்டும். மூன்றில் ஒன்று போனாலும் வேலை ஓடும், ஐந்தில் இரண்டு போனாலும் ஓடும். நான்கு வாங்கினால்? பெரும்பான்மைக்கு மூன்று வேண்டும். ஆகவே ஒன்று போவதைத்தான் தாங்கும். மூன்று செய்யும் வேலைக்கு நான்கின் விலை. மூன்றாவது வாக்காளர் பெரிய சர்வராகவும் இருக்க வேண்டாம். கணக்கு எதுவும் வைத்துக்கொள்ளாமல் வாக்கு மட்டும் போடுகிற சாட்சிக் கணினி போதும். அம்மா, மூன்று கடை இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். இரண்டில் கணக்கு, மூன்றாவதில் சாட்சி.

ஆனாலும் பழைய முதன்மை தோற்றதை அறியாமல் எழுதிக்கொண்டே இருந்தால்? அதன் மின்சாரத்தையே தூரத்திலிருந்து வெட்டிவிடும் ஏற்பாடு ஒன்று உண்டு. லினக்ஸ்காரர்கள் அதற்கு வைத்த பெயர் ஸ்டோனித். விரித்தால் 'அடுத்தவன் தலையில் சுடு' என்று பொருள். பெயர் கொடூரம், வேலை தர்மம். புது மண்டோர் விசிலை எடுக்குமுன் பழைய மண்டோர் கையிலிருந்து புத்தகத்தை வாங்கிவிட வேண்டும் என்பதுதான் சாரம். வந்த மூவரிடமும் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "வயர் அறுந்தால் யார் மண்டோர்?" தயங்காமல் பதில் சொல்பவரோடு அடுத்த பேச்சைப் பேசலாம்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் பாவம். ஓயாமல் ஓடும் பிரதி, காப்புப் பிரதி ஆகாது. நீங்கள் தவறாக ஒரு பட்டியலை அழித்தால், நல்ல மென்பொருள் அந்த அழிப்பையும் அழகாகப் பிரதி எடுக்கும். மேலே பென்சில் தவறினால் மஞ்சளிலும் தவறு விழும். வேண்டுமென்றே சில மணி நேரம் பின்தங்கி ஓடும் பிரதியை வைத்துக்கொள்ள போஸ்ட்கிரெஸிலும் மைஎஸ்கியூஎல்லிலும் வசதி இருக்கிறது. அதோடு, வேறு இடத்தில் அன்றாடக் காப்பும் வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு கோயில் நிர்வாகம் உறுப்பினர் பட்டியலை மறக்காமல் காப்பு எடுத்தது, ஒரு விரலியில். அந்த விரலி மடிக்கணினியிலேயே செருகியிருந்தது. திருடன் இரண்டையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு போனான்.

காப்பு எடுத்தவர்களும் தப்பவில்லை. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர், தடுமாறிய பிரதியைச் சரிசெய்யும்போது, துணையில் அழிப்பதாக நினைத்து முதன்மையில் அழித்துவிட்டார். சுமார் 300 கிகாபைட்டில் 4.5 மிஞ்சியது. காப்பைத் தேடினார்கள். பதிப்புப் பொருந்தாததால் காப்பு வேலை நெடுநாளாகத் தோற்றுக்கொண்டிருந்தது. எச்சரிக்கை மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு வேலைக்காகத் தற்செயலாக எடுத்த நகல் ஒன்று காப்பாற்றியது.

அப்பாவின் அந்தப் பார்வை இதற்காகத்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் கார்பனைத் தலைகீழாக வைத்துவிட்டாராம். பக்கம் பக்கமாக எழுதினார். மஞ்சள் தாள்கள் வெறுமையாகவே இருந்தன. எழுத்தெல்லாம் வெள்ளைத் தாளின் முதுகில் கண்ணாடி எழுத்தாகப் பதிந்திருந்தது. மேலிருந்து பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது.

நம்மவர்கள் பிரதியின் அருமையை வலித்துத் தெரிந்துகொண்டவர்கள். தோட்டங்கள் கைமாறி, துண்டாகி, லயங்கள் இடிந்தபோது, ஆபீஸ் அலமாரிகளில் இருந்த பழைய பதிவேடுகள் என்ன ஆயின என்று யார் கேட்டார்கள்? இங்கேயே பிறந்து, பிறந்ததைக் காட்ட ஒரு தாள் இல்லாமல், குடியுரிமை இல்லாதவருக்கான சிவப்பு அடையாள அட்டையோடு அலைந்த முதியவர்களை ஒவ்வொரு குடும்பமும் அறியும். அப்படியிருந்தும், இன்றைக்கு ஆயிரக்கணக்கான வெள்ளி கொட்டி மென்பொருள் வாங்குகிறோம்; பெட்டியைப் பிரித்து மாட்டியதும் சாமி படத்துக்குப் போடுவதுபோல் பொட்டு வைத்துவிட்டு மறந்துவிடுகிறோம்.

எனவே அம்மா, மூன்றில் எதை வாங்கினாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். கடை சாத்திய பிறகு, விற்றவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முதன்மை சர்வரின் கேபிளை உங்கள் கையாலேயே பிடுங்குங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். துணை எழுந்ததும் அதில் அன்றைய கடைசிச் சீட்டு இருக்கிறதா என்று தேடுங்கள். அடுத்து, காப்பிலிருந்து ஒரு பழைய கணினியில் எல்லாவற்றையும் மீட்டுப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இதைச் செய்யுங்கள். விற்றவர் "அதெல்லாம் தேவையில்லை, தானாகவே வேலை செய்யும்" என்பார். வரிசையில் நின்றவர்களும் என் அப்பாவிடம் அதைத்தான் சொன்னார்கள்.