சிகிரியா தோட்டங்கள்

சிகிரியா தோட்டங்கள் இலங்கையின் மாத்தளை மாவட்டத்தில், தம்புள்ளைக்கு அருகே, சிகிரியாக் குன்றின் அடிவாரத்தில் அமைந்துள்ளன. ஆசியாவில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய திட்டமிட்ட தோட்டங்களுள் இவையும் அடங்கும். பொ.யு. 5-ம் நூற்றாண்டில் அரண்மனைத் தோட்டமாக உருவாக்கப்பட்டவை. அதற்கு முன்னும் பின்னும் இவ்விடம் பௌத்த மடாலயமாக இருந்தது. ஆகவே அரண்மனையின் எச்சங்களும் மடாலய இடிபாடுகளும் இங்கே கலந்து காணப்படுகின்றன.

வரலாறு

குன்றைச் சுற்றியுள்ள பெரும்பாறைகளின் அடியிலுள்ள குகைகளில் பொ.யு.மு. 3-ம் நூற்றாண்டு முதல் பிக்குகள் தங்கினர். மழைநீர் உள்ளே வழியாதபடி குகைகளின் மேல்விளிம்பில் காடி வெட்டப்பட்டுள்ளது. குகையைத் தானமளித்தவர்களின் பெயர்கள் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. மதுரைக்கு அருகே மாங்குளத்தில் உள்ள சமணக் குகைகளிலும் இதே போன்ற காடிகளையும் பிராமிக் கல்வெட்டுகளையும் காணலாம்.

தந்தை தாதுசேனனைக் கொன்று அரசேறிய முதலாம் காசியப்பன் (477-495) தலைநகரை அநுராதபுரத்திலிருந்து சிகிரியாவுக்கு மாற்றினான். குன்றின் உச்சியில் அரண்மனையும் அடிவாரத்தில் தோட்டங்களும் அமைந்தன. இந்தியாவுக்குத் தப்பிச் சென்றிருந்த அவனது தம்பி மொகல்லானன் 495-ல் படையுடன் திரும்பிவந்தான். போரில் காசியப்பன் இறந்தான். மொகல்லானன் தலைநகரை மீண்டும் அநுராதபுரத்துக்கு மாற்றி, சிகிரியாவைப் பிக்குகளிடம் ஒப்படைத்தான். இச்செய்தியைச் சூளவம்சம் கூறுகிறது. அதன்பின் பல நூற்றாண்டுகள் மடாலயம் இங்கே நீடித்தது.

தோட்டங்களின் அமைப்பு

நீர்த்தோட்டம்: மேற்கு வாயிலிலிருந்து குன்றை நோக்கிச் செல்லும் நேர்ப்பாதையின் இருபுறமும் குளங்கள் ஒன்றுக்கொன்று சமச்சீராக அமைந்துள்ளன. நடுவிலுள்ள மேடையைச் சூழ நான்கு குளங்கள் உள்ளன. இதே போன்ற நாற்பகுதித் தோட்ட அமைப்பை ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் முகலாயர் தோட்டங்களிலும் காணலாம். அடுத்துள்ள பகுதியில் துளையிட்ட வட்டச் சுண்ணாம்புக்கல் பலகைகள் நீரூற்றுகளாகப் பயன்பட்டன. உயரமான இடத்தில் தேங்கும் நீர் நிலத்தடிக் கால்வாய்கள் வழியாக இறங்கும்போது உண்டாகும் அழுத்தமே இவற்றை இயக்குகிறது. மழைக்காலத்தில் நீர் மிகும்போது இவை இன்றும் நீரைப் பீச்சுகின்றன.

பாறைத்தோட்டம்: இங்கு நேர்ப்பாதை முடிந்து, பாறைகளுக்கு இடையே வளைந்து செல்லும் பாதைகள் தொடங்குகின்றன. பாறைகளின் மேல் காணப்படும் வெட்டுத்தடங்கள் அங்கே நின்ற செங்கற் சுவர்களுக்கும் மரத்தூண்களுக்கும் அடித்தளமாக இருந்தவை. பிக்குகளின் பழைய குகைகளும், பிற்கால மடாலயத்தின் போதிமர மேடை, உருவ வழிபாட்டு இல்லம் ஆகியவற்றின் எச்சங்களும் இப்பகுதியிலேயே உள்ளன.

படிமேடைத்தோட்டம்: குன்றின் அடியை ஒட்டி, தாங்குசுவர்களால் ஒன்றன்மேல் ஒன்றாக எழுப்பப்பட்ட மேடைகள்.

பொதுமக்களின் வருகை

அரசனின் தனியிடமாக இருந்த சிகிரியா, மடாலயமான பிறகே எல்லோரும் வந்து பார்க்கும் இடமாயிற்று. இதற்குச் சான்று குன்றின் இடைப்பகுதியில் உள்ள கண்ணாடிச் சுவர். வருகையாளர்கள் அங்குள்ள பெண்களின் ஓவியங்களைப் பார்த்து, இச்சுவரில் சிங்களச் செய்யுள்களைக் கீறிச் சென்றனர். எழுதியவர்களில் பிக்குகள், படைவீரர்கள், பெண்கள் ஆகியோர் உண்டு. பெரும்பாலும் 8 முதல் 10-ம் நூற்றாண்டு வரையிலான 685 செய்யுள்களைத் தொல்லியல் அறிஞர் செனரத் பரணவிதான படித்து 1956-ல் நூலாக வெளியிட்டார்.

அகழாய்வும் பாதுகாப்பும்

காட்டுக்குள் மறைந்திருந்த சிகிரியாவை 1831-ல் ஆங்கிலேயப் படை அதிகாரி ஜொனதன் ஃபோர்ப்ஸ் கண்டு எழுதினார். 1890-களில் எச். சி. பி. பெல் அகழாய்வைத் தொடங்கினார். 1980-களில் பண்பாட்டு முக்கோணத் திட்டத்தில் சேனக பண்டாரநாயக்க தலைமையில் நடந்த ஆய்வுகள் தோட்டங்களின் முழு அமைப்பையும் தெளிவாக்கின. 1982-ல் யுனெஸ்கோ சிகிரியாவை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது.

பார்வையாளர்களுக்கு

பெரும்பாலானோர் உச்சிக்கு ஏறும் அவசரத்தில் தோட்டங்களை வெறும் நடைபாதையாகக் கடந்துவிடுகின்றனர். குகைகளின் காடிகளையும் பாறை வெட்டுத்தடங்களையும் நின்று பார்த்தால், அரண்மனை இருந்த சில ஆண்டுகளை விட மடாலயம் இருந்த காலமே மிக நீண்டது என்பது விளங்கும். நீரூற்றுகளைக் காண வடகிழக்குப் பருவமழைக் காலம் ஏற்றது. குன்றில் குளவிக் கூடுகள் இருப்பதால் சத்தமிடாமல் ஏற வேண்டும். பழங்காலத்தவர் எழுதிய சுவரில் இன்று எழுதுவது சட்டப்படி குற்றம். புதிய கீறல் ஒவ்வொன்றும் பழைய எழுத்தை அழிக்கிறது.